பரீட்சை எழுதாத மாணவர்

கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது பரீட்சையே. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில். பதினொராம் வகுப்பில் சாதாரண தரம். அதன்பின் ஈராண்டு காலம் ரியூசன் கொட்டில்களிற் கிடந்து எழுதும் உயர்தரம். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவனுக்குப் பல்கலைக்கழகம் வாசல். தாண்டாதவனுக்கு அது மதிற்சுவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு இந்த ஏற்பாட்டில் யாதொரு குறையும் தென்பட்டதில்லை. தென்பட்டிருப்பின், ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் வேறு விடை சொல்லியிருப்பேன்.

அத்தாயின் மகன் என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவன். பெயரை இங்கு எழுதுதல் முறையன்று. டவுண் சின்ட்ரோம் எனப்படும் நிலையோடு பிறந்தவன். மனித உயிரணுவில் 46 ஆக இருக்கவேண்டிய நிறமூர்த்தங்கள் 47 ஆக அமைவதால், அதாவது இருபத்தோராவது சோடியில் ஒன்று மிகுதியாக இருப்பதால், இந்நிலை உண்டாகின்றது என்பதை 1959 இற் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தாய் தந்தையரின் குற்றமுமன்று, கிரகதோஷமுமன்று. அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். கணக்கு ஏறாது. ஆனாற் பள்ளிக்கூடம் முழுவதற்குமான நேரசூசி அவனுக்கு மனப்பாடம். எந்த வகுப்புக்கு எந்த வேளையில் எந்தப் பாடம் என்று கேட்டால் உடனே சொல்லுவான். பிரதி அதிபரே அவனைக் கேட்டுத் தெளிந்த நாட்கள் உண்டு. இடைவேளையில் மாத்திரம் வேப்பமரத்தடியில் தனியே இருந்து, தாய் கட்டிக்கொடுத்ததைப் பிரித்து உண்பான். அவனோடு படித்தவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். ஒருவரும் அவனைத் துன்புறுத்தியதில்லை, கூப்பிட்டதும் இல்லை.

மற்றையோர் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்த வேளையில் அந்தத் தாய் வந்தார்.

“சேர், இவன் இனி எங்கை போறது?”

“இனி என்னம்மா படிப்பு? வீட்டிலை வைச்சிருங்கோ. தோட்டத்திலை தண்ணி மாற உதவியாயிருக்கும்” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே அன்று எண்ணினேன்.

அடுத்த தவணை தொடங்கிய நாளில், வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து, தலை வாரி, அவன் பள்ளிக்கூடக் கேற்றடியில் வந்து நின்றான். முதல் மணி அடிக்கும்வரை நின்று, அடித்ததும் போய்விட்டான். மறுநாளும் வந்தான். ஏறத்தாழ ஒரு தவணைக் காலம் இப்படியே வந்தான். காவலாளியிடம் சொல்லி அவனை வராமற் செய்தவன் நானே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய இளைஞர்கள் பல்கலைக்கழகங்களிற் சேர்ந்து படிக்கின்றார்கள் என்று பிற்காலத்தில் வாசித்தபோது, செல்வந்த நாடொன்றின் விநோதம் இது என்றே முதலிற் கருதினேன். ஓய்வு பெற்றபின் விடயத்தைத் துருவிப் பார்க்க நேரம் கிடைத்தது. பார்க்கப் பார்க்க, இஃது விநோதமன்று, நெடுங்காலத் தவறொன்றுக்கு அந்நாட்டவர் தேடிய பரிகாரம் என்பது புலனாயிற்று. அந்தத் தவற்றையும் பரிகாரத்தையும் ஒருங்கே காண விரும்புவோர்க்கு ஒரே நகரம் போதும். நியூயோர்க் மாநிலத்திலுள்ள சிரக்கியூஸ் நகரமே அது.

1854 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அந்நகரின் மேற்குப் புறத்தில் ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ‘நியூயோர்க் மாநில மூடர் புகலிடம்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். பெயர் நம் காதுக்குக் கொடிதாயினும் நோக்கம் கொடிதன்று. அதன் தலைவர் ஹேர்வி வில்பர் என்னும் வைத்தியர், இப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வீட்டுக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்றே விரும்பினார். அவர் பின்பற்றியது எடுவார் செகேன் என்னும் பிரெஞ்சுக்காரர் வகுத்த முறை. கையையும் கண்ணையும் காதையும் முதலிற் பயிற்றி, அவற்றின் வழியாக அறிவைத் தொடுவதே அம்முறையின் சாரம்.

இவ்விடத்தில் நம் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தச் செகேனின் நூலைப் பிற்காலத்தில் இத்தாலிய மொழியில் தம் கைப்படப் பெயர்த்தெழுதிப் பயின்றவர் மரியா மொன்ரிசோரி அம்மையார். அவரும் உரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடத்திலேதான் தம் முறையை முதலிற் கையாண்டார். 1907 இலேதான் அதைச் சாதாரணக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். 1939 இற் சென்னை அடையாறுக்கு வந்த அவர் 1944 இல் இலங்கைக்கும் வந்து சென்றார். இன்று நம் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ‘மொன்ரிசோரி’ என்ற பெயர்ப்பலகை தொங்குகின்றது. அங்கே நம் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கியும் எழுத்துகளை விரலாற் தடவியும் பழகுகின்றார்களே, அந்த வித்தை யாருக்காக முதலில் உண்டாக்கப்பட்டதோ, அவர்களுக்குரிய வாங்கு அதே பாலர் வகுப்பிற் பெரும்பாலும் இல்லை. கடன் வாங்கியதை நாம் மறந்துவிட்டோம்.

சிரக்கியூஸுக்கு மீள்வோம். வில்பரின் நல்ல நோக்கம் நிலைக்கவில்லை. காரணம், கற்றுத் தேறியவர்கள் போய்ச் சேர்வதற்கு வெளியே இடமில்லை. வீட்டார் ஏற்கத் தயங்கினர், ஊரார் அஞ்சினர். ஆகவே பள்ளிக்கூடம் மெல்ல மெல்லக் காப்பகமாயிற்று. நாடெங்கும் எழுந்த இத்தகைய தாபனங்கள் யாவும் அவ்வாறே ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனத்தூய்மை பேசிய விஞ்ஞானிகள் சிலர் இவர்களைச் சமூகத்தின் நோயென்றே கூறினர். இவர்கள் பிள்ளை பெறாதவாறு சத்திர சிகிச்சை செய்தல் சட்டத்துக்கு ஏற்றதே என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1927 இற் தீர்ப்பளித்தது. எட்டு நீதியரசர்கள் ஒருபுறம், ஒருவர் மறுபுறம்.

1965 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் பேர்ட்டன் பிளாற் என்னும் கல்விப் பேராசிரியர், பிரெட் கப்லன் என்னும் படப்பிடிப்பாளரோடு இத்தகைய காப்பகங்கள் சிலவற்றுட் புகுந்தார். கப்லனின் இடுப்பிலே மறைவாக ஒரு கமெரா இருந்தது. வெறுந்தரையில், உடையின்றி, செய்வதற்கு ஒன்றுமின்றி முடங்கிக் கிடந்த மனிதர்களின் படங்கள் 1966 இற் புத்தகமாக வெளிவந்தன. மறு ஆண்டு ‘லுக்’ என்னும் சஞ்சிகை அவற்றை நாடறியச் செய்தது. பிளாற் 1969 இற் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளின் பின் வூல்ஃபென்ஸ்பேர்கர் என்பவரும் வந்தார். ஸ்கண்டினேவிய நாடுகளிற் பிறந்த ஒரு கருத்தை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர் அவர்.

அந்தக் கருத்தைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் நான் சொல்ல வந்தது முழுவதும் அதற்குள் அடங்கும். சுவீடனைச் சேர்ந்த பெங்ற் நீரியே என்பவர் 1969 இல் அதை எழுதி வைத்தார். குறைபாடுள்ள ஒருவனுக்கு நாம் செய்யவேண்டியது சிகிச்சையன்று. மற்றையோர்க்குள்ள வாழ்க்கை ஒழுங்கை அவனுக்கும் கிடைக்கச் செய்தலே என்பது அவர் கொள்கை. காலையில் எழுந்து வெளியே செல்லும் நாள். வேலையும் ஓய்வும் மாறிவரும் வாரம். விழாவும் விடுமுறையும் உள்ள ஆண்டு. அந்தந்த வயதில் அந்தந்த அனுபவம். குழந்தைக்குக் குழந்தைப் பருவம் வேண்டும். இளைஞனுக்கு இளமை வேண்டும். முப்பது வயதானவனைக் குழந்தையென்று கொஞ்சுவதும் ஒருவகை அநீதியே. ‘இவனுக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் புத்தி’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளை இருபது ஆண்டு வாழ்ந்ததில்லை, காதலித்ததில்லை, தன் வகுப்புத் தோழர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போவதைக் கேற்றடியில் நின்று பார்த்ததில்லை.

பதினெட்டு வயதில் அமெரிக்க இளைஞர்களுக்குரிய இடம் எது? கல்லூரி. அப்படியாயின் இவர்களுக்கும் அதுவே இடம். வாதம் இவ்வளவு எளிது.

எனினும் அதை முதலிற் செயலிற் காட்டியவர்கள் கனடா நாட்டவர். எட்மன்டன் நகரிலுள்ள அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தில் 1987 இல் இவ்வித மாணவர் சிலர் சாதாரண விரிவுரைகளில் அமரத் தொடங்கினர். அமெரிக்காவிலோ 1975 வரை இவர்களுக்குப் பாடசாலைக் கல்வியே உறுதியாக இருக்கவில்லை. அவ்வாண்டு நிறைவேறிய சட்டத்தின் முகவுரையிலேயே, பத்து இலட்சம் குறைபாடுள்ள பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றனர் என்று கூறப்பட்டிருக்கின்றது. சட்டம் பாடசாலையைத் திறந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இருபத்திரண்டாவது பிறந்த நாளோடு அவ்வுரிமை முடிந்துவிடும். அதுவரை விடியற்காலையில் வீட்டு வாசலுக்கு வந்த மஞ்சள் நிறப் பஸ் மறுநாள் வராது. என் மாணவனுக்கு அந்த நாள் ஆறு ஆண்டுகள் முந்தி வந்தது, அவ்வளவே வித்தியாசம்.

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் நீண்ட முயற்சியால் 2008 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் இம்மாணவர்களுக்கென ஒரு பகுதி சேர்ந்தது. பாடசாலை இறுதிச் சான்றிதழ் இல்லாவிடினும், அங்கீகாரம் பெற்ற திட்டமொன்றிற் சேர்ந்தவர்கள், வறிய மாணவர்க்கு மத்திய அரசாங்கம் வழங்கும் ‘பெல்’ உதவிப்பணத்தைப் பெறலாம். கல்விக் கடன் மட்டும் கிடையாது. திட்டம் அங்கீகாரம் பெறவேண்டுமாயின், அதன் கல்விப் பகுதியிற் பாதியேனும் மற்றைய மாணவரோடு ஒன்றாக நிகழவேண்டும் என்றும் விதித்தார்கள். 2010 இல் அரசாங்கம் 27 நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து முன்மாதிரித் திட்டங்களை ஊக்குவித்தது. இன்று அந்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய திட்டங்கள் நடைபெறுகின்றன. பட்டம் வழங்கும் நிறுவனங்கள் அங்கே ஏறக்குறைய 4,000 என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கடலிற் கரைத்த பெருங்காயம் என்பாரும் உளர்.

சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் திட்டத்துக்கு ‘இன்குளூசிவ் யூ’ என்று பெயர்; எல்லாரையும் உள்ளடக்கிய பல்கலைக்கழகம் எனப் பொருள்படும். அங்கே மாணவன் தான் விரும்பும் பாடங்களைத் தெரிந்து, மற்றையோர் அமரும் அதே மண்டபத்தில் அமர்ந்து கேட்கின்றான். புள்ளி இல்லை, பட்டமும் இல்லை. இறுதியாண்டு பெரும்பாலும் வேலைப் பயிற்சியிலே கழிகின்றது. முடிவிற் சான்றிதழ் ஒன்று. விடுதியில் மற்றையோரோடு வாழலாம். இத்தகைய திட்டங்களிற் பொதுவாக விரிவுரையாளரோடு முன்கூட்டியே ஓர் உடன்பாடு செய்துகொள்வது வழக்கம். வகுப்பார் பத்துப் பக்கக் கட்டுரை எழுதும்போது, இவன் ஐந்து படங்களைத் தெரிந்து அவற்றைப் பற்றி வகுப்பின் முன்னே பேசலாம் என்பது போன்ற ஏற்பாடு அது. மூடர் புகலிடம் நின்ற இடத்தில் இருந்த அரசாங்கக் காப்பகம் 1998 இல் மூடப்பட்டது. அதே நகரின் கிழக்குக் குன்றிலே பல்கலைக்கழகம். மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்துசேர அந்நகரத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

தெனசி மாநிலத்திலுள்ள வன்டர்பில்ற் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு என்னை வேறுவகையில் ஈர்த்தது. 2010 இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், பட்டப்படிப்பு மாணவர்கள் விரும்பி முன்வந்து இவர்களுக்குத் துணையாகின்றார்கள். துணை என்றாற் பொத்தாம்பொதுவான துணையன்று, தொழில் பிரித்திருக்கின்றார்கள். ஒருவர் பாடத்துக்குத் துணை; ஒருவர் அன்றைய நாளைத் திட்டமிடத் துணை; ஒருவர் தேகப்பயிற்சிக்குத் துணை; ஒருவர் மதிய உணவுக்குத் துணை. ஆம், கூட இருந்து உண்பதற்கென்றே ஒருவர். இதனை வாசித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே உலாவி வந்தேன்.

இவற்றையெல்லாம் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். “பல்கலைக்கழகம் தகுதிக்குரிய இடம். இரக்கத்துக்கு வேறு இடங்கள் உண்டு” என்றார். இக்கூற்றிற் பாதி நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். விளங்காத விரிவுரையில் ஒருவனை அலங்காரப் பொருளாக அமர்த்திவைத்தல் அவனுக்குச் செய்யும் மரியாதை அன்று. அமெரிக்காவிலும் சில கல்லூரிகளில் ‘உள்ளடக்கம்’ பெயரளவில் நிற்கின்றது. வளாகத்தின் ஒரு மூலையில் தனி அறை, தனி ஆசிரியர், சமையலும் சலவையும் காசு எண்ணுதலுமே பாடம். பழைய விசேட வகுப்பைப் புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டுக் கல்லூரி என்று பெயரிடுதல் ஏமாற்றேயாகும். சில இடங்களிற் கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் டொலர். கடனும் கிடையாதாகையால் வசதியுள்ளோரின் பிள்ளைகளே அவற்றை எட்டமுடியும். இவை மெய்யான குறைகள்.

ஆனால் நண்பரின் மறுபாதி எனக்கு உடன்பாடன்று. புள்ளியும் பட்டமும் கேளாத ஒருவனாற் தகுதியின் தரம் எவ்வாறு குறையும்? வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஒருவனின் ஆசனத்தை இவன் பறிப்பதில்லை. அவனுக்கு அருகே இன்னொரு நாற்காலி போடப்படுகின்றது. விரிவுரையை முழுதும் விளங்கிக்கொண்டவர்களுக்கே இடம் என்று விதிப்பின், என் மாணவப் பருவத்தில் நானே பல நாட்கள் வெளியே நின்றிருக்கவேண்டும்.

ஸ்பெயின் தேசத்துப் பாப்லோ பினேடா என்பவரை இத்தகைய வாதங்களில் உதாரணம் காட்டுவார்கள். டவுண் சின்ட்ரோமுடன் பிறந்து, பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 2009 இல் ஒரு திரைப்படத்திலும் நடித்துச் சான் செபஸ்தியான் விழாவிற் சிறந்த நடிகர் பரிசும் பெற்றவர் அவர். போற்றத்தக்கவரே. ஆயினும் அவரைக் காட்டி வாதிட எனக்கு விருப்பமில்லை. அவர் பரீட்சையில் வென்றவர். அவரைப் புகழும்போது நாம் மீண்டும் பரீட்சையையே புகழ்கின்றோம். என் கவலை பரீட்சையை என்றுமே வெல்லமாட்டாத மற்றையோரைப் பற்றியது.

பிரயோசனம் என்ன என்று கேட்போர்க்கு ஓர் எண் உண்டு. அரசாங்க உதவி பெற்ற திட்டங்களை முடித்தவர்களில், ஓராண்டின் பின் சம்பளத்துக்கு வேலை பார்ப்போர் ஏறக்குறைய 60 வீதம். இவ்வகைக் குறைபாடுள்ள வயதுவந்தோர் எல்லாருள்ளும் பார்த்தால் ஐந்திலொருவரும் தேறார். கல்லூரிக்கு வருவோர் ஓரளவு திறமையும் குடும்ப ஆதரவும் உடையவர்களாதலால் இந்த ஒப்பீட்டை முழுதும் நம்பிவிடலாகாது. அன்றியும், நம் பிள்ளைகள் வரலாறோ தமிழோ படிக்கச் செல்லும்போது ஓராண்டின் பின் என்ன சம்பளம் என்று கேட்டா பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகின்றோம்? (கேட்கும் பெற்றோரும் இக்காலத்திற் பெருகிவிட்டனர் என்பது உண்மையே.)

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. கல்வி நிறுவனங்களில் அனுமதிக்கும்போது வலுவிழப்பைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஐக்கிய நாடுகளின் 2006 ஆம் ஆண்டு உடன்படிக்கை, உயர்கல்வியும் வாழ்நாட் கல்வியும் இவர்களுக்கும் உரியவை என்கின்றது. அதனை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. வியப்பு யாதெனின், முந்நூறு திட்டங்களை நடத்தும் அமெரிக்கா 2009 இற் கையொப்பமிட்டதோடு நின்று, இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை. நம்மிடம் ஏடு, அவர்களிடம் நாற்காலி. கண்பார்வையற்றோர்க்கும் உடல் வலுவிழந்தோர்க்கும் நம் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி உண்டு. ஆனால் அதுவும் உயர்தரத்திற் சித்தியடைந்தோர்க்கே.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமன்று. கலைப்பீடத்தில் ஒரு விரிவுரை, கல்வியியற் கல்லூரியில் ஒரு சங்கீத வகுப்பு, ஒரு நாற்காலி, பக்கத்தில் இருப்பதற்கு விருப்பமுள்ள ஒரு மாணவன். ஒரு தவணைக்கு மட்டும் செய்து பார்த்து, சரிவரவில்லையாயின் விட்டுவிடலாம்.

சென்ற மாதம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எழுபது வயதாகிவிட்டது. மகன் கிணற்றடியில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான், தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “செவ்வாய்க்கிழமை சேருக்கு மூண்டாம் பாடம் பத்தாம் வகுப்பிலை” என்றான். சரியாகவே சொன்னான். நான் திண்ணையில் இருந்து, இங்கே எழுதியவற்றையெல்லாம் தாய்க்குச் சொன்னேன். சட்டம், பணம், சான்றிதழ் எதைப்பற்றியும் அவர் கேட்கவில்லை.

“அங்கை அந்தப் பிள்ளையள் ஆரோடை இருந்து சாப்பிடுறவை, சேர்?” என்று மாத்திரம் கேட்டார்.

சொன்னேன்.

சிறிது நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து, “தம்பி, கையைக் கழுவிப்போட்டு வா, சேரும் சாப்பிடப்போறார்” என்று கிணற்றடிக்குக் குரல் கொடுத்தார்.